அத்தியாயம் 7: பழைய ரிமோட் செற்றும் அதற்கேற்ற படகும்

எண்பதுகளில் சவூதிக்கும் குவைத்துக்கும் போய் உழைத்தவர்கள் ஊர் திரும்பும்போது, துணிமணியோடும் கசற் ரேடியோவோடும் பிள்ளைகளுக்கென்று விளையாட்டுச் சாமானும் கட்டி வந்தார்கள். அவற்றுள் சில ஜப்பானில் செய்த அசல் ரேடியோ கொன்ட்ரோல் செற்கள். கார் எப்போதோ உடைந்திருக்கும், படகு தொலைந்திருக்கும். நீளமான அன்டெனாவும் இரண்டு குச்சிகளும் உள்ள ட்ரான்ஸ்மிட்டர் மட்டும் ரெஜிபோம் பெட்டியோடு அலுமாரிக்கு மேல் கிடக்கும். அட்டாளைச்சேனையிலும் அக்கரைப்பற்றிலும் வாப்பாவின் பழைய பெட்டியைத் திறந்து இப்படியொன்றைக் கண்டவர்கள் கேட்கும் முதல் கேள்வி, இது இனி ஓடுமா என்பது. பெரும்பாலும் ஓடும். ஆனால் எந்தப் படகிலும் ஓடாது.

முந்திய அத்தியாயங்களில் படகைக் கட்டிவிட்டு அதற்கேற்ற கருவியைத் தேடினோம். இங்கே அந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். கருவியை முதலில் கையிலெடுத்து, அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு, பிறகு அதற்கேற்ற படகைத் தேர வேண்டும். பழைய செற்றை வேகப் படகில் பூட்டினால் முதல் நாளே ஏமாற்றம்தான். பாரமான, மெதுவான படகில் பூட்டினால் அது அடுத்த தலைமுறைக்கும் உழைக்கும். நம் கரையில் ஓடும் படகுகளில் பல பாரமானவை, மெதுவானவை என்பது நமக்குக் கிடைத்த வசதி.

கையில் இருப்பது என்ன?

ரேடியோவால் இயக்கிய முதல் படகை நிக்கோலா டெஸ்லா 1898 இல் நியூயோர்க்கின் மடிசன் ஸ்குவேர் கார்டனில் ஓட்டிக் காட்டினார். அதற்கான அமெரிக்கக் காப்புரிமை, இலக்கம் 613,809, அதே ஆண்டு நவம்பர் 8 இல் கிடைத்தது. உலோகத் தூள் அடைத்த ஒரு குழாய்தான் அதன் ரிசீவர். அலை வந்து சேரும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு தட்டு ஒரு படி நகரும். அந்தத் தட்டின் நிலையைப் பொறுத்துச் சுக்கான் திரும்பும். இந்தப் படிமுறை ஏற்பாட்டை மனதில் வையுங்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகு வந்த ஒற்றைச் சனல் செற்களும் இதே வழியில்தான் வேலை செய்தன.

ஒற்றைச் சனல் செற்றில் ஒரேயொரு பொத்தான் இருக்கும். படகுக்குள் முறுக்கிய ரப்பர் பட்டியால் சுழலும் ஒரு சிறு பற்சக்கரமும், அதைப் பிடித்து விடும் மின்காந்தமும் இருக்கும். ஆங்கிலேயரின் எல்மிக் கம்பனி செய்த எஸ்கேப்மென்ட்கள் இந்த வகை. எளிய வகையில் பொத்தானை அழுத்திப் பிடித்தால் சுக்கான் வலப்பக்கம், விட்டால் நேர். மறுபடி அழுத்தினால் இடப்பக்கம், விட்டால் நேர். இரண்டு தரம் தொடர்ந்து வலப்பக்கம் திருப்ப வேண்டுமானால், நடுவில் ஒரு கணம் இடப்பக்கத்தைத் தட்டிக் கடந்தே ஆக வேண்டும். எந்தத் திருப்பத்தில் நிற்கிறோம் என்பதை மனதில் எண்ணிக்கொண்டே ஓட்டுவது ஒரு தனிக் கலை. ஒரு நொடிக்கு ஒரு மீற்றருக்கும் குறைவாக நகரும் படகில்தான் அந்தக் கலைக்கு நேரம் கிடைக்கும்.

அதற்கு அடுத்த தலைமுறை ரீட் செற்கள். வெவ்வேறு சுருதியில் அதிரும் மெல்லிய உருக்குத் தகடுகள் வரிசையாக ரிசீவருக்குள் இருக்கும். ட்ரான்ஸ்மிட்டர் அனுப்பும் தொனிக்கு ஒத்த தகடு மட்டும் அதிர்ந்து தன் தொடுமுனையைத் தொடும். இவை இந்தப் பக்கம் அரிது. கிடைத்தால், உருக்குத் தகட்டில் துரு ஏறியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். ஏறியிருந்தால் காட்சிப் பொருளாக வையுங்கள், துருவைச் சுரண்டினால் தகட்டின் சுருதியே மாறிவிடும். வெற்றிடக் குழாய் பூட்டிய, 45 அல்லது 67.5 வோல்ற் பற்றரி கேட்கும் அதற்கும் பழைய செற்களையும் தண்ணீருக்குக் கொண்டுபோக வேண்டாம்.

உங்கள் கையில் இருப்பது அநேகமாக மூன்றாவது வகை: குச்சியை எவ்வளவு நகர்த்துகிறோமோ அவ்வளவே சுக்கானும் திரும்பும் விகிதாசாரச் செற். அறுபதுகளில் அமெரிக்காவில் உருவாகி, எழுபதுகளில் ஜப்பானியக் கம்பனிகளின் கைக்கு வந்தது. ஃபுடாபா 1948 இல் வெற்றிடக் குழாய் செய்யத் தொடங்கிய கம்பனி. சன்வாவும் ஏகோம்ஸும் அதோடு போட்டி போட்டன. எண்பதுகளின் இரண்டு சனல் 27 மெகாஹேர்ட்ஸ் செற்களில் ஏகோம்ஸ் டெக்னிபிளஸ் பல நாடுகளில் பரவியது. இந்த வகையைத்தான் இனி விரிவாகப் பார்க்கிறோம்.

பற்றரி போடுவதற்கு முன்

அக்கரைப்பற்றில் பழைய ரேடியோ திருத்தும் ஒரு காக்காவிடம் செற்றைக் கொண்டுபோன பையன், "காக்கா, எட்டு பற்றரி வாங்கி வந்திருக்கன், போட்டுப் பாப்பமா?" என்றான். "அத அங்கால வை தம்பி. முதல்ல மூடியக் கழட்டு" என்பதுதான் பதில். இந்த அத்தியாயத்தில் ஒரு வரியை மட்டும் வைத்துக்கொள்வதென்றால் அந்தப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருடம் சும்மா கிடந்த செற் பழையது என்பதால் சாவதில்லை. அவசரமாகப் பற்றரி போடும் அந்தக் கணத்தில்தான் சாகிறது.

பின்மூடியின் திருகாணிகளைக் கழற்றி, வரிசை மாறாமல் ஒரு தட்டில் வையுங்கள். பற்றரி அறையின் வில்லுகளில் வெள்ளைப் பொருக்கு இருந்தால் எந்தப் பற்றரி கசிந்தது என்று யோசியுங்கள். அல்கலைன் பற்றரியும் நிக்கல் கட்மியம் பற்றரியும் கசிந்தால் அது காரம். வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ பஞ்சில் தொட்டுத் துடைத்தால் கரையும். சாதாரண மலிவான பற்றரியின் கசிவு அமிலத் தன்மையுள்ளது. அதற்கு அப்பச்சோடாக் கரைசல். எதைப் பூசினாலும் பிறகு நல்ல தண்ணீரால் துடைத்து, மருந்துக் கடையில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் முடியுங்கள்.

அடுத்து, பற்றரியிலிருந்து போகும் கறுப்பு வயரை எடுத்து நுனியில் பிளாஸ்டிக் உறையைக் கொஞ்சம் உரியுங்கள். உள்ளே செம்பு மின்னினால் நல்லது. கறுத்து, ஈயம் ஒட்டாமல் உதிர்ந்தால் கசிவு வயருக்குள்ளேயே ஊர்ந்து போயிருக்கிறது. நிக்கல் கட்மியம் பற்றரி பூட்டிய செற்களில் எதிர்முனை வயருக்கு இது அடிக்கடி வருகிறது. மின்னும் செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போங்கள். சுவிட்ச் வரைக்கும் கறுப்பாகவே இருந்தால் வயரையும் சுவிட்சையும் சேர்த்து மாற்றுங்கள். வயர் தொடர்கிறதா என்று மீற்றரில் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். கறுத்த வயர் மீற்றரில் சரியாகத்தான் காட்டும், மோட்டார் ஓடி அதிர்வு வரும்போது விட்டுவிடும்.

இனி மின்சாரம். மோட்டார் சைக்கிள் பற்றரியொன்றும், மோட்டார் சைக்கிளின் 12 வோல்ற் 5 வாட் சின்ன பல்ப் ஒன்றும் போதும். பல்பைத் தொடராக வைத்து ட்ரான்ஸ்மிட்டருக்கு மின்சாரம் கொடுங்கள். சுகமான ட்ரான்ஸ்மிட்டர் 100 முதல் 200 மில்லி அம்பியர் வரைதான் எடுக்கும். பல்ப் மங்கலாகவே இருக்கும். பல்ப் பளிச்சென்று எரிந்தால் உள்ளே எங்கோ ஷோர்ட் இருக்கிறது. பல்பே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்திவிடுவதால் பலகை கருகாது. அப்படி எரிந்தால் நிறுத்திவிட்டு மின்பகு கொள்ளளவிகளைச் சந்தேகியுங்கள். உருளை வடிவில், அடியில் பிசின் கசிந்தோ தலை புடைத்தோ இருப்பவை அவை. அதே அளவில் புதியது எந்த ரேடியோக் கடையிலும் கிடைக்கும், நேர்முனை எதிர்முனை மாறாமல் பூட்டினால் சரி.

அன்டெனாவை முழுதாக இழுத்துவிட்டே சுவிட்சைப் போடுங்கள். அன்டெனா இல்லாமல் நெடுநேரம் ஓடும் ட்ரான்ஸ்மிட்டரில் கடைசி ட்ரான்சிஸ்டர் சூடேறிப் போகும். குழல் குழலாக நீளும் அன்டெனாவின் ஒவ்வொரு பகுதியையும் ஸ்பிரிட்டால் துடையுங்கள். கடற்காற்றில் அந்த மூட்டுகளில் படியும் படலம் ஓட்டத் தூரத்தைப் பாதியாக்கிவிடும். குச்சிகளின் அடியிலுள்ள பொட்டென்ஷியோ மீற்றருக்கும் ஸ்பிரிட் ஒரு துளி விட்டு இருபது முப்பது தரம் அங்குமிங்கும் ஆட்டுங்கள். எண்ணெய் விட வேண்டாம். இன்று வழுக்கும், நாளைக்கு மணலைப் பிடித்து வைத்திருக்கும்.

அலை வெளியே வருகிறதா என்று பார்க்க விலையான கருவி தேவையில்லை. உடைந்த ட்ரான்சிஸ்டர் ரேடியோவிலிருந்து ஒரு ஜேர்மானியம் டயோட்டை எடுத்து, ஊசி ஆடும் பழைய மல்டிமீற்றரின் இரு முனைகளுக்கும் குறுக்கே பூட்டி, ஒரு முனையில் 30 சென்ரிமீற்றர் வயரைத் தொங்கவிடுங்கள். மீற்றரை ஆகக் குறைந்த நேரோட்ட அளவில் வைத்து ட்ரான்ஸ்மிட்டர் அன்டெனாவுக்கு அருகில் பிடித்தால், அலை வரும்போது ஊசி எழும்பும். அன்டெனாவைத் துடைப்பதற்கு முன்னும் பின்னும் ஊசி நின்ற இடத்தைக் குறித்து வையுங்கள், செய்த வேலைக்கு அது சாட்சி.

கிறிஸ்டல் சோடி

27 மெகாஹேர்ட்ஸ் செற்களில் ஆறு அலைவரிசைகள் வழக்கத்தில் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்: 26.995 மண்ணிறம், 27.045 சிவப்பு, 27.095 செம்மஞ்சள், 27.145 மஞ்சள், 27.195 பச்சை, 27.255 நீலம். செற்றோடு வந்த இரண்டு கிறிஸ்டல்களில் ஒன்று ட்ரான்ஸ்மிட்டருக்கு, மற்றது ரிசீவருக்கு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ரிசீவர் கிறிஸ்டல் 455 கிலோஹேர்ட்ஸ் குறைந்தது. மஞ்சள் சோடியில் ட்ரான்ஸ்மிட்டருக்கு 27.145 என்றால் ரிசீவருக்கு 26.690. மாற்றிப் போட்டால் செற் ஓடாது. அதைவிட மோசம், நீங்கள் அனுமதியில்லாத அலைவரிசையில் அனுப்பிக்கொண்டிருப்பீர்கள். கிறிஸ்டலுக்குள் இருப்பது மெல்லிய படிகத் தகடு. சீமெந்துத் தரையில் ஒருதரம் விழுந்தாலே போதும், பிறகு அதை நம்ப முடியாது.

பெருநாள் கிழமையில் கடற்கரைக்குப் பழைய செற்றைக் கொண்டுபோகாதீர்கள். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் மலிவான ரிமோட் கார்களில் பல இதே 27 மெகாஹேர்ட்ஸில்தான் ஓடுகின்றன. ஒரு கார் பக்கத்தில் வந்தால் உங்கள் சுக்கான் தன்பாட்டில் ஆடும். இன்னொரு தொல்லை வானத்திலிருந்து வருவது. ஏறக்குறைய 11 வருடத்துக்கு ஒருமுறை சூரியப் புள்ளிகள் உச்சத்துக்கு வரும்போது, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தொலைவிலுள்ள 27 மெகாஹேர்ட்ஸ் பேச்சுக்கள்கூட மேல்வளியில் பட்டுத் தெறித்துப் பகலில் இங்கே வந்து விழும். காலையில் சுகமாக ஓடிய படகு நண்பகலில் பேய் பிடித்ததுபோல ஆடினால் வயரைப் பிய்க்க வேண்டாம். மறுநாள் காலையில் பாருங்கள்.

படகைத் தேர்தல்

ஒலுவில் துறைமுகத்தில் பலநாள் படகுகளைப் பார்த்திருப்பீர்கள். உயர்ந்த முகப்பு, பின்னால் தள்ளி நிற்கும் ஓட்டுனர் அறை, அகன்ற வயிறு. பழைய செற்றுக்கு இதைவிடப் பொருத்தமான மாதிரி எனக்குத் தெரியாது. 40 அடிப் படகு, அதாவது 12.2 மீற்றர், 16 இல் ஒரு பங்காகச் சுருங்கினால் 76 சென்ரிமீற்றர் வரும். மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்துக் கொண்டுபோகலாம். நிறை நீளத்தைப் போலச் சுருங்காது, நீளத்தின் கன அளவில் சுருங்கும்: 16 ஐ மூன்று தரம் பெருக்க 4096. சுமையோடு 20 தொன் நிறையுள்ள படகு மாதிரியில் 4.9 கிலோ. வேகம் 16 இன் வர்க்கமூலமான 4 ஆல் சுருங்கும். கடலில் 7 நொட், அதாவது செக்கனுக்கு 3.6 மீற்றர் போகும் படகு, மாதிரியில் செக்கனுக்கு 0.9 மீற்றர் போனால் அலையைக் கிழிக்கும் விதம் அசலைப்போலவே தெரியும். அது ஓர் ஆள் ஆறுதலாக நடக்கும் வேகத்திலும் குறைவு. குச்சியை நகர்த்திய பிறகு யோசிக்க நேரம் இருக்கும், எஸ்கேப்மென்ட் படி எண்ணவும் நேரம் இருக்கும்.

இந்த நிறையை நீங்கள் எப்படியும் ஏற்றியாக வேண்டும் என்பதால் பற்றரிக்கும் கவலையில்லை. வீட்டு எமர்ஜென்சி லைட்டில் இருக்கும் 6 வோல்ற் 4.5 அம்பியர் மணி ஈயப் பற்றரி முக்கால் கிலோ அளவில் வரும். ஏராவின் மேல் தாழ்வாகப் படுக்கவைத்தால் அதுவே நிறைகல். மோட்டார் 12 வோல்ற்றுக்குரியதாக இருக்கட்டும், 6 வோல்ற் மட்டும் கொடுங்கள். மெதுவாகச் சுழலும், சூடேறாது. அசலின் அளவில் செய்த சுக்கான் மாதிரியில் போதாது. பரப்பை ஒன்றரை மடங்காக்குங்கள், தண்ணீருக்குக் கீழே இருப்பதால் யார் கண்ணிலும் படாது.

உடலுக்கு ஃபைபர் துணியும் ரெசினும் தேடி அலைய வேண்டியதில்லை. ஃபைபர் படகு திருத்துபவர்கள் உள்ள ஊர்களில் அவற்றைக் கிலோக் கணக்கில் வாங்கலாம். மாயாவலைத் தோணியும் நல்ல மாதிரிதான். அசலில் துடுப்புத்தான் என்பதால் புரொப்பெல்லரை அடியில் ஒளிக்க வேண்டும், அந்த வேலை 11 ஆம் அத்தியாயத்தில் வருகிறது.

படகுக்குள் பூட்டுதல்

ரிசீவருக்கு 1.2 வோல்ற் ரீசார்ஜ் பற்றரி நான்கு, மொத்தம் 4.8 வோல்ற். பழைய ரிசீவரும், சுக்கானைத் திருப்பும் சேர்வோ மோட்டாரும் இதற்கென்றே செய்தவை. இப்போது மலிவாகக் கிடைக்கும் இரண்டு செல் லித்தியம் பற்றரி 7.4 வோல்ற், சில நிமிடங்களில் சேர்வோவின் உள்பலகை போய்விடும்.

சேர்வோ மோட்டாரை அதோடு வந்த செற்றிலிருந்து பிரிக்க வேண்டாம். இன்றைய சேர்வோக்கள் ஏறக்குறைய 20 மில்லி செக்கனுக்கு ஒருமுறை வரும் துடிப்பைப் படிக்கின்றன, துடிப்பு 1.5 மில்லி செக்கன் நீளமாக இருந்தால் நடுநிலை. பழைய ஃபுடாபா சிலவற்றில் நடுநிலை 1.31. எழுபதுகளின் சில சேர்வோக்களில் மூன்று வயருக்குப் பதில் நான்கு இருக்கும், பற்றரியின் நடுவிலிருந்தும் ஒரு வயர் கேட்பவை. மூன்று வயர் உள்ளவற்றிலும் நேர், எதிர், துடிப்பு என்ற வரிசை கம்பனிக்குக் கம்பனி மாறும். நிறத்தை நம்பாமல் ரிசீவரின் துளையில் மீற்றரை வைத்து அளந்து பாருங்கள்.

எஸ்கேப்மென்ட் உள்ளவர்கள் ரப்பர் பட்டியைப் புதிதாகப் போட்டேயாக வேண்டும். நம் வெயிலில் பழைய ரப்பர் பிசுபிசுத்துப் போயிருக்கும். புதுப் பட்டியில் ஆமணக்கெண்ணெய் தடவி, முறுக்கு மெதுவாக ஏற்றுங்கள். மண்ணெண்ணெயோ எஞ்சின் எண்ணெயோ பட்டால் ரப்பர் கரையும்.

மோட்டாரின் தூரிகை எழுப்பும் தீப்பொறிதான் 27 மெகாஹேர்ட்ஸ் ரிசீவரின் பெரிய எதிரி. மோட்டாரின் இரு முனைகளுக்கும் இடையில் 0.1 மைக்ரோ ஃபரட் செரமிக் கொள்ளளவி ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டார் உடலுக்கு 0.047 வீதம் இரண்டு. மோட்டார் உடலை அரத்தால் தேய்த்தால்தான் ஈயம் பிடிக்கும். ரிசீவரின் அன்டெனா வயர் சுமார் ஒரு மீற்றர் நீளம் இருக்கும். அது அழகாக இல்லை என்று வெட்டாதீர்கள். அந்த நீளத்துக்கு ஏற்பத்தான் ரிசீவரின் முன்பகுதி இசைவாக்கப்பட்டிருக்கிறது. பலநாள் படகின் பாய்மரத்துக்கும் முகப்புக்கும் இடையில் கயிறு போல இழுத்துக் கட்டலாம். மோட்டார் வயருக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

தூரம் சோதிக்கும் முறை இதுதான். அன்டெனாவை உள்ளே தள்ளிவிட்டு, ஒருவர் ட்ரான்ஸ்மிட்டரோடு 20 முதல் 25 அடி எடுத்து வைத்து நடக்கட்டும். மற்றவர் படகைப் பிடித்து மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டுச் சுக்கானைப் பார்க்கட்டும். சொன்னபடி திரும்பினால் தண்ணீரில் இறக்கலாம். சுவிட்ச் போடும்போது ட்ரான்ஸ்மிட்டர் முதலில், நிறுத்தும்போது அது கடைசியில்.

உப்பு

ரிசீவரை இறுக்கமான மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து, புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டைப் போடுங்கள். வயர் நுழையும் துளையை அடைக்க எல்லோரும் சிலிக்கன் பசையைத்தான் எடுக்கிறார்கள். திறக்கும்போது வினாகிரி மணம் வரும் வகையை வாங்காதீர்கள். அது காயும்போது வெளிவிடும் அசற்றிக் அமிலம் மூடிய பெட்டிக்குள் செம்பை அரித்துவிடும். மணமில்லாத நடுநிலை வகை இருக்கிறது, விலை கொஞ்சம் கூட.

படகு கவிழ்ந்து ரிசீவர் உப்புத் தண்ணீரில் மூழ்கினால், கரைக்கு வந்ததும் முதல் வேலை பற்றரியைக் கழற்றுவது. உப்பு நீரில் மின்சாரம் பாயும்போது பலகையின் செம்புக் கோடுகள் சில நிமிடங்களில் தின்னப்படும். பற்றரி இல்லாவிட்டால் உங்களுக்கு மணிக்கணக்கில் அவகாசம் உண்டு. நல்ல தண்ணீரில் பலகையை முழுதாகக் கழுவுங்கள். ஏற்கெனவே நனைந்ததை மறுபடி நனைக்கப் பலருக்குக் கை வராது, ஆனால் உப்பு போக வேறு வழியில்லை. பிறகு கராஜில் விற்கும் பற்றரித் தண்ணீரால் ஒருமுறை (வடிநீர்தான், அமிலம் கலந்ததல்ல), ஸ்பிரிட்டால் ஒருமுறை. வெயிலில் வைக்காமல் மின்விசிறிக்குக் கீழே இரண்டு நாள் உலர விடுங்கள்.

எங்கே ஓட்டுவது?

கடல் அலையில் வேண்டாம். கோணாவத்தை ஆற்றின் அமைதியான பகுதிகளில் காலை நேரம் நல்லது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பத்து மணிக்குமேல் தண்ணீர் சுருங்கத் தொடங்கிவிடும். காற்று உங்கள் முகத்தில் அடிக்கும் கரையில் நின்று ஓட்டுங்கள். படகு செத்தால் அதுவே உங்களிடம் மிதந்து வரும். பழைய செற்களில், சமிக்ஞை அறுந்தால் மோட்டாரை நிறுத்தும் ஏற்பாடு கிடையாது. ஒற்றைச் சனல் படகு நேராக ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே நாலாபக்கமும் கரை தெரியும் தண்ணீரைத் தேர்வது நல்லது. ஆற்றுவாழையும் சல்வீனியாவும் படர்ந்த இடத்தை விட்டு விலகுங்கள், புரொப்பெல்லரில் சுற்றினால் மோட்டாரும் வேகக்கட்டுப்பாட்டின் தடைச்சுருளும் சேர்ந்து கருகும்.

நின்றுபோன படகை எடுக்க ஒருபோதும் தண்ணீரில் இறங்காதீர்கள். களியோடை உட்பட இந்தப் பக்கத்து ஆறுகளில் முதலை உண்டு, ஆட்களைப் பிடித்தும் இருக்கிறது. தூண்டில் தங்கூசியின் நுனியில் ரெனிஸ் பந்து ஒன்றைக் கட்டி, படகுக்கு அப்பால் எறிந்து, மெதுவாக இழுத்தால் தங்கூசி படகைக் கரைக்குக் கொண்டுவரும். எத்தனை விலையான செற்றாக இருந்தாலும் இது ஒன்றே வழி.

ரேடியோ அலை அனுப்பும் கருவிகள் எல்லாம் 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பொறுப்பில் வருகின்றன. உங்கள் செற்றின் அலைவரிசையையும் வலுவையும் எழுதி அனுப்பி, அனுமதி தேவையா என்று கேட்டுப் பதிலைக் கையில் வைத்திருங்கள். யுத்த காலத்தில் இந்தக் கரையில் வாழ்ந்தவர்களுக்கு, கையில் ரிமோட்டோடு நிற்பது எவ்வளவு பாரதூரமான விடயம் என்று நான் சொல்லத் தேவையில்லை. இன்றும் நீண்ட அன்டெனாவோடு துறைமுகப் பக்கம் நிற்பவரைப் பாதுகாப்புத் தரப்பினர் விசாரிப்பது இயல்பு. படகைத் திறந்து காட்டுங்கள், ஓட்டியும் காட்டுங்கள். ஒலுவில் துறைமுகத்தின் உள்நீரில் ஓட்ட விரும்பினால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

புதிய செற்றுக்கு மாறுவது

ரிசீவர் தீர்ந்துபோய்விட்டது, வேறு கிடைக்கவில்லை என்றால் 2.4 கிகாஹேர்ட்ஸ் செற்றின் உள்ளுறுப்புகளைப் பழைய ட்ரான்ஸ்மிட்டர் கூட்டுக்குள் பூட்டுபவர்கள் இருக்கிறார்கள். பழைய குச்சிகளின் பிடி மிகவும் நன்றாக இருப்பதால் அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஒரே நிபந்தனை: கூட்டில் புதுத் துளை போடாதீர்கள், வயரை வெட்டாமல் ஈயத்தை உருக்கிக் கழற்றுங்கள், கழற்றிய பலகையை ஒரு பையில் போட்டு அதே பெட்டிக்குள் வையுங்கள். பின்னால் வருபவர் ஒருவர் அதைப் பழையபடி ஆக்கக்கூடும்.

நீர்மூழ்கி மாதிரி கட்ட நினைப்பவர்கள் மட்டும் பழைய அலைவரிசையை விட்டுவிடாதீர்கள். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் சில சென்ரிமீற்றரிலேயே அடங்கிவிடும், நன்னீரிலும் அப்படித்தான். 27 மெகாஹேர்ட்ஸ் நன்னீரில் மீற்றர் கணக்கில் இறங்கும். கடல் நீரில் அதுவும் போகாது: ஒவ்வொரு 5 சென்ரிமீற்றருக்கும் அலையின் வலு ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகக் குறையும், 40 சென்ரிமீற்றர் ஆழத்தில் மூவாயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே நீர்மூழ்கிக்குக் கழிமுகத்தை விட்டு உள்ளே, உப்பு ஏறாத நீரைத் தேடுங்கள்.

மாரி வந்தால்

நவம்பர் தொடக்கம் ஜனவரி முடியும் வரை வாடைக் காற்றும் மழையும் சேர்ந்து வரும்போது செற்றைப் பெட்டிக்குள் வைப்பதே நல்லது. ட்ரான்ஸ்மிட்டர், ரிசீவர் இரண்டிலிருந்தும் பற்றரியை வெளியே எடுத்து வேறிடத்தில் வையுங்கள். ஈயப் பற்றரியை மட்டும் மாதம் ஒருமுறை சார்ஜ் செய்யுங்கள், வெறுமையாகக் கிடந்தால் அது மீளாது. பழைய செற்களின் சார்ஜ் துளையில் நேர்முனை உள்ளேயா வெளியேயா என்பதும் கம்பனிக்குக் கம்பனி மாறும். ஒரு தாளில் அதையும், இரண்டு கிறிஸ்டல்களின் இலக்கங்களையும், சேர்வோ வயர்களின் வரிசையையும், அன்டெனாவை முழுதாக இழுத்தபோது மீற்றர் ஊசி நின்ற இடத்தையும் எழுதி, பின்மூடியின் உட்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கரையும்.